பால்மரக் காட்டில் பிறந்த பட்டாளம்

இந்திய தேசிய இராணுவம் எங்கே பிறந்தது என்று வினவினால், சரித்திரம் படித்தோர் தயங்காமல் விடை பகர்வர். 1941-ஆம் ஆண்டு டிசம்பரில், கெடா நாட்டு அலோர் ஸ்டார்ப் பக்கத்திலே, காப்டன் மோகன் சிங் என்னும் சீக்கிய அதிகாரியும், கியானி பிரீதம் சிங்கும், ஜப்பானிய மேஜர் புஜிவாராவும் கூடிப் பேசியபோது அது கருக்கொண்டது. 1942 பிப்ரவரி 17-இல் சிங்கப்பூர் பேரர் பார்க் மைதானத்தில், தோல்வியுற்ற பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 45,000 பேர் ஜப்பானியர் கையில் ஒப்படைக்கப்பட்டபோது உருக்கொண்டது என்பர். விடை பிழையன்று. ஆனால், பாதி விடை.

மற்றப் பாதி, பேராக்கிலும் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களிலே கிடக்கிறது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் அப்படைக்குப் புத்துயிர் அளித்தபின் அதிற் சேர்ந்தவர்களில் சுமார் 18,000 பேர் சிறைப்பட்ட சிப்பாய்கள் அல்லர். முன்னம் துப்பாக்கியைத் தொட்டறியாத குடிமக்கள். அவர்களிற் பெரும்பாலோர் மலாயாத் தமிழர். பால் வெட்டியவர், சாலை போட்டவர், கிராணி வேலை பார்த்தவர், கடை வைத்திருந்தவர், பள்ளியிற் படித்துக் கொண்டிருந்தவர். தங்கள் தாய்நாடு என்று எதற்காகப் புறப்பட்டார்களோ, அந்த இந்தியாவைக் கண்ணாற் கண்டிராதவர் அவருள் எத்தனையோ பேர்!

அயல்நாட்டார் தாமே முன்வந்து பிறிதொரு நாட்டின் படையிற் சேர்வது உலகிற்குப் புதிதன்று. அமெரிக்கர் இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பிய காலையில், 1777-இல், லபாயெத் என்ற பிரெஞ்சுப் பிரபு கப்பலேறிச் சென்று வாஷிங்டனோடு நின்றான். 1936-இல் ஸ்பெயின் குடியரசைக் காக்க, ஐம்பதுக்கும் மேற்பட்ட தேசங்களிலிருந்து சுமார் 35,000 பேர் சர்வதேசப் படையிலே சேர்ந்தனர். ஆயினும் ஒரு வேற்றுமை காண்க. லபாயெத்துக்குத் திரும்பிச் செல்ல ஒரு பிரான்ஸ் இருந்தது. ஸ்பெயினுக்குப் போன ஆங்கிலத் தொழிலாளிக்கு ஓர் இங்கிலாந்து இருந்தது. பேராக்கில் பிறந்த தோட்டத்துத் தமிழ் வாலிபனுக்கு எந்த நாடு இருந்தது? பிறந்த மண்ணோ அவனை வந்தேறிக் கூலியென்றே கணக்கெழுதியது. பெற்றோர் பிறந்த மண்ணோ அவனை மறந்துவிட்டது. அவன் அயல்நாட்டுத் தொண்டனா, சொந்த நாட்டுச் சிப்பாயா என்பதை அவனே அறியான்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பேராக்கின் பழங்கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

1873-ஆம் ஆண்டில், லாருட் ஈயச் சுரங்கங்களிலே சீனக் கூட்டத்தார் ஒருவரோடொருவர் வெட்டி மடிந்து கொண்டிருந்தனர். அச்சீமையின் மந்திரியாகிய ஙா இப்ராஹிம், பினாங்குப் போலீஸ் அதிகாரியாயிருந்த காப்டன் ஸ்பீடியைத் துணைக்கு அழைத்தார். ஸ்பீடி தம் உத்தியோகத்தை விட்டு இந்தியாவுக்குச் சென்று, பஞ்சாபியரும் பட்டாணியருமாக 110 பேரைத் திரட்டிக் கொண்டு வந்தார். அந்தச் சிறு கூட்டமே வளர்ந்து பேராக் சீக்கியப் படையாயிற்று, 1896-இல் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலாய் நாடுகளின் காவற் படையாயிற்று, 1919-இல் கலைக்கப்பட்டது. ஸ்பீடியின் ஆட்கள் வந்திறங்கிய நான்காம் ஆண்டு, 1877-இல், கோலகங்சாரில் ரெசிடெண்டு மாளிகைத் தோட்டத்திலே ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்தக் கன்றுகளின் பின்னே வந்தவன் தமிழன்.

ஆகவே, ஒரே இந்தியாவிலிருந்து, ஒரே வெள்ளையன் கையால், ஒரே நாட்டிற்கு இரண்டு வகை மனிதர் கொண்டு வரப்பட்டனர். பஞ்சாபியன் கையிலே துப்பாக்கி. தமிழன் கையிலே பால் வெட்டும் கத்தி. இந்தப் பங்கீடு இயற்கையால் வந்ததன்று. தமிழன் போருக்கு ஆகான் என்பது பழைய பிரிட்டிஷாரே ஒப்பாத கூற்று. மலாக்காவை அடுத்த நானிங் சண்டையில், 1831, 1832-ஆம் ஆண்டுகளில், பிரிட்டிஷார்க்காகக் காட்டிலே நின்று போரிட்டவை சென்னைப் பட்டாளங்களே. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னரே ‘போர்க்குலம்’ என்ற புதிய சாத்திரம் எழுதப்பட்டது. சென்னைச் சேனைக்கும், பிறகு இந்தியச் சேனை முழுமைக்கும் தளபதியாயிருந்த லார்டு ராபர்ட்ஸ் அச்சாத்திரத்தின் பெரிய குரு. வடமேற்கில் உள்ளவன் வீரன், தெற்கில் உள்ளவன் கோழை என்று அவர் முடிவு கட்டினார். சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கின. பிறப்பினால் ஒருவனுக்குத் தொழில் வகுக்கும் வழக்கம் நம் நாட்டிற்கே உரியதென்று நாம் நாணுகிறோம். அதனை இராணுவ விதியாக அச்சிட்டுக் கொடுத்த பெருமை வெள்ளையனுக்கும் உண்டு.

தோட்டத்து வாழ்க்கையை இந்நாட்டார்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசை. பெயர் கூப்பிட்டதும் குரல். பின்பு மரம், வாளி, ஸ்டோர். கங்காணி தன் ஊரிலிருந்தே, தன் சாதிக்காரரையே பெரும்பாலும் கூட்டி வந்தமையால், ஊர்ச் சேரியும் தெருவும் லயங்களிலும் பிரிந்தே நின்றன. பொழுது சாய்ந்தால், கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே திறந்திருக்கும். 1937-இல் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1938-இல் இந்திய சர்க்கார், உதவிச் செலவு கொடுத்துக் கூலிகளை அனுப்புவதை நிறுத்திற்று. வாசல் மூடியது. அதன்பின், தோட்டத்தில் இருந்தவன் இங்கே நிலைத்தவனாகவும், அவன் பிள்ளை இங்கேயே பிறந்தவனாகவும் ஆயினர்.

1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதன்று. துரை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. எவ்வளவு சிறிய விஷயம்! எவ்வளவு பெரிய விஷயம்! தலைவர் ஆர். எச். நாதன் பிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, சுட்டது, ஐந்து பேர் மாண்டனர். இரண்டு ஆண்டுகட்குப் பின் தோட்டத்து வாலிபர் எதற்காகத் துப்பாக்கி ஏந்தினர் என்று கேட்போர், இந்தச் சைக்கிளை மறத்தல் கூடாது.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அம்மாதம் 28-இல் ஈப்போ அவர்கள் வசமாயிற்று. கம்பாரில் பிரிட்டிஷாரும் சீக்கியரும் கூர்க்கரும் சேர்ந்து நான்கு நாள் கடுமையாக எதிர்த்து நின்றனர். ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் அணை உடைந்தது. ஆனால், தோட்டத்துத் தமிழன் கண்ட யுத்தம் வேறு. அவன் கண்டது துரையின் காலி பங்களா. நேற்றுவரை மலைபோல் நின்றவர் இரவோடிரவாகத் தெற்கு நோக்கி ஓடிவிட்டார். அவருடைய மோட்டாரில் குதிரைக்கும் நாய்க்கும் இடமிருந்ததோ என்னவோ, கூலிக்கு இடமில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட ஆள் இல்லை. அன்று விடுதலையின் முதல் மூச்சும் பட்டினியின் முதல் மூச்சும் ஒன்றாகவே வந்தன.

முதலில் எழுந்த தேசிய இராணுவத்தில் இவனுக்கு இடமில்லை. 1942 செப்டம்பரில் மோகன் சிங் அமைத்த படை, பழைய சிப்பாய்களின் படை. அந்த டிசம்பரிலேயே ஜப்பானியரோடு பிணங்கி அவர் சிறைப்பட, அப்படையும் கலைந்தது. தோட்டத்து மக்களோ, அவ்வாண்டில் வேறொரு படைக்கு ஆள் பிடிக்கப்படுவதைக் கண்டனர்.

அதுதான் சயாம் ரயில். ரப்பர் வாங்க உலகில் எவரும் இல்லை. மரங்கள் பால் சொரியாமல் நின்றன. அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. அந்நிலையில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை போட ஜப்பானியர் கூலி தேடினர். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லித் தொடங்கினர். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டுப் பிடித்தனர். மலாயாவிலிருந்து போனவர் 70,000-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைப் பதினாயிரக் கணக்கில் தின்றன. 1943 அக்டோபரில் பாதை பூர்த்தியாயிற்று. மலாயாவின் இந்திய ஜனத்தொகை 1931-இல் சுமார் 6,20,000. 1947-இல் சுமார் 6,00,000. பதினாறு ஆண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய ஒரு சமூகம் குறைந்தது. பஞ்ச காலத்தில் ஊர் திரும்பியோர் ஒரு பங்கு. திரும்பாமலே போனவர் மற்றொரு பங்கு.

இந்த இருளின் நடுவிலே, 1943 ஜூலை 2-இல், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்திறங்கினார். ஜூலை 4-இல் ராஷ் பிகாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திர சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் படையைப் பார்வையிட்டார். சிப்பாய்கள் மட்டுமன்றிக் கிழக்காசிய இந்தியர் ஒவ்வொருவரும் உடல், பொருள், ஆவி அனைத்தையும் தரவேண்டுமென்று கேட்டார். பிறகு மலாயாவின் நகரங்களுக்கெல்லாம் சென்றார். ஈப்போவும் அவற்றுள் ஒன்று. அவர் பேச்சு இந்துஸ்தானியில் அல்லது ஆங்கிலத்தில். கூட்டத்தார் கேட்டது மொழிபெயர்த்தவர் வாய்த் தமிழில். ஆயினும், கூட்டத்திற்கு வந்த தோட்டத் தொழிலாளிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாத ஒரு செய்தி அதில் இருந்தது. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் நிற்கச் சொன்னவர் இதுவரை பலர். ‘நீயும் வா’ என்று அழைத்தவர் இவரே முதல்வர்.

இங்கேதான் சரித்திரக்காரர் பிணங்குகின்றனர். ஒரு சாரார், ‘இவர்கள் எப்படித் தொண்டர் ஆவர்? சயாமுக்குப் போகாமல் தப்பவும், ஒரு வேளைச் சோறு உண்ணவும் சேர்ந்தவர் அல்லரோ?’ என்பர். மற்றொரு சாரார், ‘அனைவரும் தேசபக்தியாற் கனன்று சேர்ந்தனர்’ என்பர். இரு சாராரும் மனிதனை அறியாதவர் என்பது எம் கருத்து. வயிறு நிறைந்தவன் செய்வதே தியாகம், பசித்தவன் செய்வதெல்லாம் பிழைப்பு என்றால், உலகத்து ஏழைகளின் வீரம் முழுவதையும் கணக்கிலிருந்து அழித்துவிடலாம். சயாமுக்கு அஞ்சியவர் காட்டில் ஒளியலாம், பலர் ஒளிந்தனர். பர்மாப் போர்முனை சயாமைவிட உயிருக்குப் பாதுகாப்பான இடமன்று. சேர்ந்தவர்க்கு அது தெரியும். பசி அவர்களை லயத்திலிருந்து வெளியே தள்ளியிருக்கலாம். எந்த வாசலை நோக்கி நடந்தனர் என்பதை மானமே தீர்மானித்தது. கட்டாயத்தின் நிழல் படாத தொண்டன் எந்தப் பட்டாளத்திலும் அரிது. ஸ்பெயினுக்குப் போனோரிலும் வேலையற்றோர் பலர்.

ஆனால், மற்றொன்றையும் மறைத்தல் நேர்மையன்று. எந்த ஜப்பானியரோடு போஸ் தோளோடு தோள் நின்றாரோ, அந்த ஜப்பானியரே நம்மவரைச் சயாமிலே புதைத்தனர். சங்கத்தார் அதனைத் தடுத்து நிறுத்தவில்லை. தடுக்கும் வலிமை அவர்கட்கு இருந்ததா என்பது வாதத்திற்குரியது. தடுக்கவில்லை என்பது வாதத்திற்குரியதன்று. போஸைத் தெய்வமாக்கிக் கும்பிடும் நம்மவர் இவ்விடத்தில் கண்களை மூடிக்கொள்வது, அங்கே மாண்ட நம் பாட்டன்மார்க்குச் செய்யும் நியாயமாகாது.

பயிற்சி முகாமில் என்ன நடந்தது? உத்தரவுகள் இந்துஸ்தானியில், அதையும் ரோமன் எழுத்தில் எழுதிப் படித்தனர். பஞ்சாபி அதிகாரி உரக்கக் கூவ, தமிழ் வாலிபன் பொருளறியாமலே வலப்புறம் திரும்பக் கற்றான். நகைப்புக்குரியதாயினும், அந்தக் களத்தில் எழுபது ஆண்டுப் பங்கீடு ஒன்று உடைந்தது. ஸ்பீடி பிரித்து வைத்த துப்பாக்கியும் கத்தியும் ஒரே வரிசைக்கு வந்தன. இன்னொன்று: சமையல் ஒன்றே. இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் என்று தனித்தனி அடுப்பு வைத்துத் தன் சிப்பாய்களைப் பழக்கியிருந்தது பிரிட்டிஷ் பட்டாளம். இங்கே எல்லாரும் ஒரே பந்தியில் உண்டனர். லயத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடியாதவன், முகாமில் அடுத்திருப்பவன் சாதியைக் கேளாமல் உண்டு எழுந்தான். நம் சீர்திருத்தக்காரர் மேடையேறி இருபது ஆண்டு பேசியும் தோட்டத்தில் நடவாததை, ஓர் அண்டாச் சோறு சில வாரத்தில் நடத்திவிட்டது. மேடையில் பேசுவோர் இதற்காக வருந்த வேண்டாம். வழிமுறையைக் கற்றுக்கொண்டாற் போதும்.

பெண்டிர் செய்தது இதனினும் பெரிது. 1943 அக்டோபரில், டாக்டர் லட்சுமியின் தலைமையில், சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை முகாம் திறக்கப்பட்டது. ஈப்போவிலிருந்து சென்றவர்களில் ஒருவர் ராசம்மா நவரத்தினம். அப்போது வயது 16. யாழ்ப்பாண மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவர் தமக்கை பொன்னம்மாவும் உடன் சேர்ந்தார். பின்னாளில் ராசம்மா பூபாலன் என்ற பெயரோடு ஆசிரியையாகவும் பெண்ணுரிமைத் தொண்டராகவும் மலேசியா அவரை அறிந்தது. கோலாலம்பூரில், காதணிகளைக் கழற்றிப் போஸின் கையில் கொடுத்துவிட்டுப் படையிற் சேர்ந்த ஜானகி, பிறகு ஜானகி ஆதி நாகப்பனாகி மேல்சபை அங்கத்தினரானார். இவர்கள் படித்தவர், ஆகவே பெயர் நின்றது. அவர்கள் பக்கத்திலே அதே சட்டையும் கால்சட்டையும் அணிந்து நின்ற தோட்டத்துப் பெண்கள் எண்ணிக்கையில் மிகுதி. நாட்கூலியில் ஆணைவிடப் பத்துக் காசு குறைத்து மதிப்பிடப்பட்டவர்கள், துப்பாக்கியை ஆணுக்குச் சமமாகவே சுமந்தனர். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

போர்முனைக்குப் போன வழியைச் சொன்னால் நெஞ்சு நடுங்கும். தெற்கேயிருந்து சயாமுக்குச் சென்ற கூலி வண்டிகள் ஈப்போ ரயில் நிலையத்தைக் கடந்தே சென்றன. பின்னர்ப் போர்முனைக்குச் சென்ற இராணுவ வண்டிகளுக்கும் அதே தண்டவாளமே வழி. சயாம் சேர்ந்ததும், பர்மாவுக்கு ஏற அந்தப் புதிய இருப்புப் பாதையே இருந்தது. படையின் பல பகுதிகளும், ஜான்சி ராணிப் படைப் பெண்களும் அதன் மேலேயே சென்றனர். தண்டவாளத்தின் இருபுறமும், எலும்புந் தோலுமாய் எஞ்சியிருந்த கூலிகள் தமிழிற் கூப்பிட்டனர். அண்ணன் போட்ட பாதையில் தம்பி போருக்குப் போனான்.

போரின் முடிவு யாவரும் அறிந்ததே. நீட்டிச் சொல்லப் புகவில்லை. 1944-இல் இம்பால் முயற்சி தோற்றது. தோட்டத்து வாலிபர் பலர் போர் கண்டது அதன் பின்னரே, தோல்வி உறுதியான காலத்தில். 1945 பிப்ரவரியில் ஐராவதி நதிக்கரையில், தில்லான் தலைமையிலான நேரு படைப்பிரிவு, ஆற்றைக் கடந்து வந்த பிரிட்டிஷ் படையை எதிர்த்தது. அப்பிரிவில் மலாயாத் தமிழர் மிகப் பலர். எதிரியிடம் டாங்கியும் விமானமும் பீரங்கியும். இவர்களிடம் துப்பாக்கியும் சொற்ப ரவையும். சிலர் நின்று மாண்டனர், சிலர் சரணடைந்தனர். போபா மலைப் பக்கத்தில் சேகலின் படைப்பிரிவு மேலும் சில வாரம் போராடிற்று. மே 3-இல் ரங்கூன் பிரிட்டிஷார் கைக்குத் திரும்பியது. அதுவரை தமிழன் கோழை என்று எழுதி வைத்திருந்த சாத்திரம் அந்த நதிக்கரையில் பொய்யாயிற்று என்று பெருமை பேசுவார் உளர். நான் அவ்வளவு தூரம் போகேன். ஆறு மாதப் பயிற்சியோடு டாங்கியின் எதிரே நிறுத்தப்பட்ட எந்த இனத்தானும் செய்யக்கூடியதையே அவர்கள் செய்தனர். அதுவே அந்தச் சாத்திரத்திற்குப் போதிய மறுப்பு.

1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவரும் விசாரணைக்கு நின்றனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர்; இந்தியா முழுவதும் கொதித்தது. மூவரும் பிரிட்டிஷ் படையில் அதிகாரிகளாய் இருந்தவர். தோட்டத்திலிருந்து போனவனை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. அவன் எந்த அரசனுக்கும் பிரமாணம் செய்து கொடுத்தவன் அல்லன். ஆகவே துரோகியும் அல்லன். பிடிபட்டோரிற் பெரும்பாலோரை விடுவித்து மலாயாவுக்கு அனுப்பிவிட்டனர். துரோகியாகக்கூட எண்ணப்படாதவன் வீரனாகவும் எண்ணப்படவில்லை. இந்தியாவின் கோஷங்களில் அவன் பெயர் இல்லை.

திரும்பியவன் எங்கே போவான்? அதே லயம், அதே பெரட்டு, திரும்பி வந்த அதே துரை. ஆனால் பழைய பணிவு திரும்பவில்லை. கெடாவில், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், தோட்டத்து இளைஞர் தொண்டர் படை அமைத்துச் சீருடையும் அணிவகுப்புமாய்க் கள்ளுக்கடை மறியல் செய்தனர். முகாமிற் கற்ற நடை அது. 1946 ஆகஸ்டில் பிறந்த மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் தீவி, போஸின் இயக்கத்திலே பணியாற்றியவர். தேசிய இராணுவத்தில் இருந்தவரென்று சொல்லப்படும் எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூன் 16-இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காகக் கணபதி 1949 மே 4-இல் புடு சிறையிலே தூக்கிலிடப்பட்டார். முகாமிலிருந்து தொழிற்சங்கத்திற்குப் போன பாதை அத்துடன் அடைபட்டது.

சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தில் 1995-இல் ஒரு குறிப்புப் பலகை வைக்கப்பட்டது. பேராக்கின் தோட்டங்களோ துண்டு போட்டு விற்கப்பட்டன. பல செம்பனைக் காடாயின, பல வீட்டுமனையாயின. லயம் இருந்த இடம் தெரியவில்லை. ஆயினும், தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ந்த குடும்பங்களின் வீடுகளில், சாமி படத்தின் பக்கத்திலே கண்ணாடியும் தொப்பியும் அணிந்த ஒரு படம் நெடுநாள் தொங்கியது. தோட்டத்துப் பள்ளிகளின் பழைய பெயர்ப் பட்டியல்களைப் புரட்டுவோர், முனியாண்டிக்கும் மாரிமுத்துவுக்கும் பிறந்த பிள்ளைகளிடையே சுபாஷ் என்றும் சந்திரபோஸ் என்றும் வரும் பெயர்களைக் காணலாம். பெரட்டுக் களத்தில் கங்காணி அந்தப் பெயர்களையும் ஒருநாள் உரக்கக் கூப்பிட்டிருப்பான்.